பாக்கெட்டுக்குப் போன பணம்



எங்கள் குழுவில் கணக்கு எழுதுவது நான்தான். ஒரு ரூபாய் உதைத்தாலும் விடமாட்டேன். ஆனால் என் வீட்டுக் கணக்கைக் கோட்டை விட்டேன்.

என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். காலையில் சாப்பிடாமல் ஓடுவாள். "பசிச்சா ஏதாவது வாங்கிக்கோ"ன்னு தினமும் 10 ரூபாய் கொடுப்பேன். சிப்ஸ் பாக்கெட் வாங்கித் தின்பாள். போன வருஷம் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்துட்டாள். ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 8தான் இருக்கு. 12 இருக்கணுமாம். "பிள்ளைக்கு என்னம்மா சாப்பிடக் கொடுக்கிற?"ன்னு நர்சம்மா கேட்டாங்க. எனக்குப் பதில் வரலை.

அன்று ராத்திரி கணக்குப் போட்டேன். பாக்கெட்டுக்கு மாதம் 300 ரூபாய். குழுவில் நான் போடும் சேமிப்போ 100 ரூபாய்! உப்பும் எண்ணெயும் மாவும் பசியை அடக்கும், ரத்தம் ஊறாது.

இப்போ அந்தக் காசில் நிலக்கடலை, பச்சைப்பயறு, கேழ்வரகு வாங்குகிறேன். முருங்கைக்கீரை வேலியிலேயே இருக்கு. கீரை சாப்பிடும்போது நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துக்கிட்டால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சரியாக ஒட்டாது. ஒரு மணி நேரம் போகட்டும். டாக்டர் கொடுத்த மாத்திரையையும் மகள் விடாமல் போட்டாள். போன மாதம் 11 வந்திருக்கு.

சகோதரிகளே, ஒரே ஒரு வேண்டுகோள். நம் குழுக் கூட்டத்தில் மிக்சர் பாக்கெட்டை நிறுத்திவிட்டு சுண்டல் வைப்போம். பிள்ளைகள் நம்மைப் பார்த்துத்தான் பழகும்.