நீரும் கரியும் வெயிலும்



நாட்டின் மின்சாரத்திற்காக அரசாங்கம் எவ்வெவற்றில் முதலிட்டது என்பதை அறிய, கண்டியில் வாழும் நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. மகாவலி கங்கையே அதற்குச் சாட்சி.

மலையருவிகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திரா 1918இல் எடுத்துரைத்தார். லக்சபானா நிலையம் இயங்கியதோ 1950இல்தான். பின்பு 1976இல் பொல்கொல்லை அணையும், 1980களில் கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகலை அணைகளும் எழுந்தன. அரசாங்கப் பணமும் அந்நிய உதவியும் நீரிலேயே குவிந்தன. விக்டோரியா 210 மெகாவாட் தந்தது; பழைய தெல்தெனியா நகரோ நீருள் மறைந்தது.

நீரொன்றையே நம்பியிருந்தபடியால், 1996இல் மழை பொய்த்தபோது நாடெங்கும் மின்வெட்டு வந்தது. அதன்பின் எண்ணெய் நிலையங்கள் பெருகின. 2011இல் நுரைச்சோலையில் நிலக்கரி நிலையம் இயங்கத் தொடங்கி, பின்னர் 900 மெகாவாட்டாக வளர்ந்தது. ஆனால் எண்ணெயும் கரியும் கப்பலில் வருபவை அன்றோ? 2022இல் அந்நியச் செலாவணி வற்றியது. நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை இருளில் இருந்தோம்.

இன்று மன்னாரில் காற்றாலைகளும், கூரைகளில் சூரியத் தகடுகளும் எழுந்துள்ளன. வெயிலுக்கும் காற்றுக்கும் விலையில்லை. ஆயினும் இரவில் வெயில் இராது, காற்றும் ஓயும். அவ்வேளை கைகொடுப்பவை நமது நீர்த்தேக்கங்களே.

ஆகவே, ஒன்றைக் கைவிட்டு மற்றொன்றில் எல்லாவற்றையும் கொட்டுவது அறிவன்று. ஒன்றுக்கொன்று துணையாக நிறுத்துவதே அறிவு. இளைஞர்களே, பேராதனையில் பொறியியற் பீடம் நம் அருகிலேயே இருக்கிறது. அத்துறையைக் கற்போம். பொதுப் பணம் எங்கே போகிறதென்று கேட்கவும் கற்போம்.