புது லேப்டாப்பும் கத்திரி வெயிலும்



பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போகிற பிள்ளை இருக்கும் வீட்டில் மே, ஜூன் மாதத்தில் ஒரு லேப்டாப் வந்து இறங்கும். கத்திரி வெயில் கொளுத்துவதும் அப்போதுதான். பெட்டியைப் பிரித்து, மஞ்சள் குங்குமம் வைத்து, சார்ஜரைச் செருகி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. "அப்பா, அடியில கையே வைக்க முடியல" என்று உள்ளேயிருந்து குரல் வரும். கடைக்கு போன் போட்டால், "புதுசுல அப்படித்தான் சார் இருக்கும், போகப் போகச் சரியாயிடும்" என்பார்கள். அதில் பாதி உண்மை. மீதியை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதுவும் பொருளை மாற்றிக்கொடுக்கும் கெடு முடிவதற்குள். ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்தக் கெடு பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள்தான்.

சூடு என்பதே பழுது அல்ல. பிராசசர் உறிஞ்சுகிற மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். அது எவ்வளவு என்று பாருங்கள். இன்டெல்லின் ஐ7-12700எச் என்ற பிராசசருக்கு அடிப்படை அளவு 45 வாட். ஆனால் அவசர வேலை வந்தால் 115 வாட் வரை தாவும். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய இடத்தில் அத்தனை வெப்பம். இன்டெல் பிராசசர்கள் பலவற்றுக்கு 100 டிகிரி செல்சியஸ் எல்லை. அதை நெருங்கினால் பிராசசர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் லேப்டாப் அணைந்துவிடும். ஆகவே கேம் விளையாடும்போது 85, 90 என்று காட்டினால் பதற வேண்டியதில்லை.

அந்த வெப்பத்தை வெளியேற்றும் ஏற்பாடு அழகானது. பிராசசர் மேல் தட்டையான ஒரு செம்புக் குழாய் படிந்திருக்கும். அதற்குள் சொட்டுக் கணக்கில் தண்ணீர். உள்ளே காற்றழுத்தம் மிகக் குறைவு என்பதால் அந்தத் தண்ணீர் லேசான சூட்டிலேயே ஆவியாகி மறுமுனைக்கு ஓடும். அங்கே செம்புத் தகடுகளும் ஃபேனும் இருக்கும். ஆவி குளிர்ந்து மறுபடி தண்ணீராகி, குழாயின் உட்சுவர் வழியே ஊறித் திரும்பி வரும். இட்லிப் பானையின் மூடியைத் தூக்கினால் உள்பக்கம் நீர் கோத்திருக்கிறதே, அதே வேலைதான் இங்கேயும் இடைவிடாமல் நடக்கிறது. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் என்பவர் 1963-ல் இதை விண்வெளிக் கருவிகளுக்காக உருவாக்கினார். இன்று அது உங்கள் பிள்ளையின் மேஜையில் இருக்கிறது.

மேஜையில் இருந்தால் நல்லதுதான். 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபின் எத்தனையோ வீடுகளுக்கு லேப்டாப் வந்தது. அதை வைக்க மேஜை வரவில்லை. கட்டில், பாய், மடிமேல் ஒரு தலையணை, அதன்மேல் லேப்டாப். பெரும்பாலான மாடல்கள் காற்றை அடிப்பக்கத் துளைகள் வழியாகத்தான் இழுக்கின்றன. மெத்தை அந்தத் துளைகளை அடைத்துவிட்டால் செம்புக் குழாய் எவ்வளவு உழைத்தும் பயனில்லை. அறையின் வெப்பமும் கணக்கில் உண்டு. பல நிறுவனங்கள் 35 டிகிரிக்குள் இருக்கும் அறையில் பயன்படுத்துங்கள் என்று குறிப்பேட்டில் பொடி எழுத்தில் போடுகின்றன. வேலூரிலும் திருத்தணியிலும் மே மாத மதியம் வெளியே 40-ஐத் தாண்டுகிறது; ஓடு வேய்ந்த, தகரம் போட்ட வீட்டுக்குள் கேட்கவே வேண்டாம். லேப்டாப் மீது குற்றம் சொல்வதற்கு முன் விடியற்காலையில் ஒருமுறை அதே வேலையைச் செய்து பாருங்கள். கூலிங் பேட் வாங்க ஓட வேண்டாம். பின்பக்க விளிம்புக்கு அடியில் இரண்டு அழிரப்பர்களை வைத்து ஓர் அங்குலம் தூக்கிவிட்டாலே காற்று புகும். கீபோர்டு மேல் போடும் சிலிக்கோன் உறையையும் எடுத்துவிடுங்கள். சில மாடல்கள் கீபோர்டு வழியாகவும் மூச்சு விடுகின்றன.

இப்போது முக்கியமான கேள்வி. எப்போது சுடுகிறது? வீடியோ எடிட் செய்யும்போது சுட்டால் அது வேலைச் சூடு. எதையும் திறக்காமல் சும்மா இருக்கும்போதே ஃபேன் இரைந்தால் சந்தேகப்பட வேண்டும். ஆனால் முதல் ஓரிரு நாள்களை இதில் சேர்க்காதீர்கள். நாம் சும்மா இருப்பதாக நினைக்கும்போது விண்டோஸ் அப்டேட்டை இறக்கிக்கொண்டிருக்கும்; கோப்புகளுக்கெல்லாம் அட்டவணை போட்டுக்கொண்டிருக்கும்; ஆன்டிவைரஸ் மூலை முடுக்கெல்லாம் துழாவிக்கொண்டிருக்கும். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். சி.பி.யூ. என்ற தலைப்பைச் சொடுக்குங்கள். யார் உழைக்கிறார்கள் என்று மேலே வந்து நிற்கும். கடைக்காரர் சொன்ன "போகப் போகச் சரியாயிடும்" இந்த வேலைகளுக்குப் பொருந்தும்.

அவை முடிந்தபின்னும் சூடு தணியாவிட்டால் பவர் அமைப்பில் 'பெஸ்ட் பவர் எஃபிஷியன்சி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய கன்ட்ரோல் பேனலில் பிராசசரின் அதிகபட்ச நிலை 100 சதவீதம் என்று ஒரு வரி உண்டு. சில புது மாடல்களில் அது மறைந்திருக்கும். அதை 99 ஆக்கினால் அந்தத் தாவுகிற வேகம், டர்போ என்பார்களே, அது நின்றுவிடும். ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் சூடு சட்டென்று இறங்கும். பாடம் படிக்க, தட்டச்சு செய்ய, யூடியூப் பார்க்க வித்தியாசமே தெரியாது. என்னைக் கேட்டால், கல்லூரிப் பிள்ளைகளில் பலருக்கு அந்த டர்போ தேவையே இல்லை; விளம்பரத்துக்குத்தான் அது தேவை.

சூட்டுக்கு மென்பொருளும் காரணமாக இருக்கலாம். 2018 ஜூலையில் ஆப்பிளின் புது மேக்புக் ப்ரோ வந்தபோது, யூடியூபில் ஒருவர் அதை ஃப்ரீசருக்குள் வைத்து வீடியோ எடிட் செய்து காட்டினார். வெளியே சுமார் 40 நிமிடம் எடுத்த வேலை உள்ளே 27 நிமிடத்தில் முடிந்தது. உலகமே சிரித்தது. சில நாள்களில் ஆப்பிள், வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் நிரலில் ஒரு பகுதி விடுபட்டிருந்ததை ஒப்புக்கொண்டு அப்டேட் வெளியிட்டது. அதனால் உங்கள் லேப்டாப் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில், பயாஸ் என்ற அடிப்படை நிரலுக்கு அப்டேட் இருக்கிறதா என்று பாருங்கள். சார்ஜரைச் செருகிவைத்தே அதைப் போடுங்கள். ஃப்ரிட்ஜ் வைத்தியம் மட்டும் வேண்டாம். சென்னைக் காற்றின் ஈரத்தில் வெளியே எடுத்த நிமிடமே உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.

இன்னொரு சூடு, பைக்குள் வருவது. மூடியை மூடிவிட்டால் லேப்டாப் தூங்கிவிட்டது என்று நினைக்கிறோம். இப்போதைய விண்டோஸ் லேப்டாப்புகள் பலவற்றில் அது அரைத்தூக்கம்தான். இடையிடையே விழித்து வேலை பார்க்கும். பேருந்தில் மடியில் பை கொதிப்பது அதனால்தான். பைக்குள் வைப்பதற்குமுன் ஷட் டவுன் செய்துவிடுங்கள்.

இனி, விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாத இடம். கீபோர்டுக்கு மேலே, திரை கீல் பக்கம் சுடுவது இயல்பு. பிராசசர் பெரும்பாலும் அங்கேதான். மணிக்கட்டு வைக்கும் முன்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். பல மாடல்களில் அதற்கு அடியில் பேட்டரி. சார்ஜ் ஏறும்போது இளஞ்சூடு இருக்கலாம். கை வைக்க முடியாத சூடு கூடாது. டச்பேட் மேலே எழும்பினாலோ, மூடி சரியாக மூடாமல் இடைவெளி விட்டாலோ பேட்டரி உப்புகிறது என்று பொருள். உடனே சார்ஜரைப் பிடுங்கி, அணைத்துவிடுங்கள். அமுக்கிப் பார்க்காதீர்கள், குத்திப் பார்க்காதீர்கள். தீப்பற்றும் ஆபத்துக்காக 2006 ஆகஸ்டில் டெல் நிறுவனம், சோனி தயாரித்த 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. பெரிய நிறுவனம் என்பதால் மட்டும் பேட்டரி தவறாது என்றில்லை.

சர்வீஸ் சென்டருக்குப் போய் "சூடாகுது சார்" என்று மட்டும் சொன்னால் கவுன்ட்டரில் சிரித்து அனுப்பிவிடுவார்கள். கோர் டெம்ப் போன்ற இலவச மென்பொருள் வெப்பநிலையைக் காட்டும். காலை நேரத்தில், மேஜைமேல், எதையும் திறக்காமல் அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். 40, 50 டிகிரி என்றால் சரி. நம் ஊர்க் கோடையில் இன்னும் பத்துகூடக் கூடலாம். சும்மா இருக்கும்போதே 80-ஐத் தாண்டி நின்றால், செம்புக் குழாய் பிராசசரோடு சரியாகப் படியாமலோ, நடுவே பூசும் தெர்மல் பேஸ்ட் குறைந்தோ இருக்கலாம். டாஸ்க் மேனேஜரும் வெப்பநிலையும் ஒரே திரையில் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாரண்டி இருக்கும்போது நீங்களோ தெருமுனைக் கடையோ திருகைக் கழற்ற வேண்டாம். பில்லும் அட்டைப்பெட்டியும் பத்திரமாக இருக்கட்டும். மாற்றித் தர மறுத்து இழுத்தடித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.