பாலையில் ஒரு பெருநகர்

பண்டைத் தமிழ்ப் புலவர் நிலத்தை ஐந்தாக வகுத்தபோது, பாலையைக் குடியிருந்து வாழ்தற்குரிய நிலமாகப் பெரிதும் எண்ணினாரல்லர். அது கடந்து செல்லும் நிலம். பொருள் தேடிப் பிரிந்து போகிறவன் அஞ்சி அஞ்சி நடக்கும் வழி. ஐக்கிய அமெரிக்காவின் தென்மேற்கிலோ, பாலையைத் தேடி வந்து குடியேறிய மக்களால் ஒரு பெருநகரமே எழுந்திருக்கிறது. அரிசோனா மாநிலத்தின் தலைநகராகிய பீனிக்ஸ்தான் அது. 1950ஆம் ஆண்டின் குடிசன மதிப்பில் அந்நகர மக்கள் ஏறத்தாழ ஓர் இலட்சத்து ஏழாயிரம் பேர். 2020ஆம் ஆண்டில் அத்தொகை 16 இலட்சத்தைக் கடந்தது. நகரமும் அந்நாட்டின் ஐந்தாவது பெருநகர் என்னும் நிலையை எய்தியது. இத்தனை பேர் விரும்பி வந்தடைந்த ஊரைப் பற்றி, அவ்வூரவரே ஒருமித்த கருத்துடையவராய் இல்லை. அவர்தம் வழக்கினைச் சற்றே கேட்பதுதான் இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில், ஊரைப் போற்றுவோர் தரப்பு. இவர்களுள் முன்னிற்பவர் வடமாநிலங்களில் உழைத்து இளைப்பாறிய முதியோர். சிக்காகோவிலும் மினசோட்டாவிலும் ஆண்டுக்கு நான்கைந்து மாதம் பனியை மண்வாரியால் அள்ளி அள்ளி முதுகு வளைந்தவர்கள் அவர்கள். "வெயிலை மண்வாரிகொண்டு அள்ள வேண்டியதில்லை" என்பது அவ்வூரில் வழங்கும் வேடிக்கைப் பேச்சு. கார்த்திகை முதல் பங்குனி வரை அங்கே வானம் தெளிந்து, காற்று இதமாக இருக்கும், மூட்டுவலி தணியும், தோடை மரங்கள் காய்த்து நிற்கும். 1960ஆம் ஆண்டு தை முதல் நாளன்று நகரின் வடமேற்கே "சன் சிற்றி" என்ற முதியோர் குடியிருப்பு திறக்கப்பட்டபோது, வீடு பார்க்க மக்கள் திரண்டு வந்தனர். மாரியில் மட்டும் வந்து, கோடை தலைகாட்டுமுன் புறப்பட்டுவிடுவோரும் பலர். அவர்களைப் "பனிப்பறவைகள்" என்பர். ஆண்டு முழுவதும் அங்கேயே கிடந்து வேகிறவர்களுக்கு இப்பறவைகளின் புகழுரையில் அவ்வளவு மதிப்பில்லை. விருந்துக்கு வந்தவன் வீட்டைப் புகழ்வதில் வியப்பென்ன?

கோடையைப் பற்றிக் கேட்டால், ஊரை விரும்புவோர் வாயில் முதலில் வரும் சொல், "இது உலர்ந்த வெப்பமல்லவா?" என்பதாகும். இதில் உண்மையில்லாமற் போகவில்லை. காற்றில் ஈரம் குறைந்திருந்தால் வியர்வை விரைந்து ஆவியாகும். ஆவியாகும்போது உடலின் சூட்டையும் உடன்கொண்டு செல்லும். ஈரமிக்க கரையோர நாட்டின் புழுக்கம் அங்கே இல்லை. ஆனால் அளவென்று ஒன்று உண்டு. 1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு நாள் அங்கே வெப்பம் 122 பாகை பரனைற்று, அதாவது 50 பாகை செல்சியசு வரை ஏறிற்று. 2023ஆம் ஆண்டிலோ தொடர்ந்து 31 நாட்கள் பகல் வெப்பம் 110 பாகைக்குக் குறையவேயில்லை. 1974ஆம் ஆண்டில் 18 நாட்கள் அவ்வாறு இருந்ததே அதற்கு முன் பெரிதாகப் பேசப்பட்டது. அவ்வளவு வெப்பத்தில் வீசும் காற்று, உலர்ந்ததாயினும் ஈரமானதாயினும், அடுப்புவாயிலிருந்து வருவது போன்றதே.

ஊரின் பழங்குடும்பங்கள் வேறொரு கதை சொல்வர். குளிரூட்டும் கருவி வருமுன்பும் அங்கே மனிதர் வாழ்ந்தனர். நனைத்த துணிகளைத் தொங்கவிட்டுத் திண்ணையில் உறங்கினர். 1930களில் ஈரவைக்கோல் போன்ற மெத்தையினூடே காற்றைச் செலுத்தும் எளிய பொறிகள் வீடுதோறும் பொருத்தப்பட்டன. போர்க்காலத்தில் விமானப் பயிற்சிக்கு வந்த வாலிபர் பலர் பின்னர் குடும்பத்தோடு திரும்பி வந்தனர், 1949இல் மொட்டரோலா நிறுவனம் அங்கே கால்வைத்தது, குளிரூட்டியும் மலிந்தது. அக்காலத்தில் பகல் எவ்வளவு காய்ந்தாலும் இரவில் நிலம் ஆறிவிடும். பருத்தி வயலும் தோடைத் தோப்பும் நகரைச் சூழ்ந்திருந்தன. அரிசோனாப் பாடசாலைப் பிள்ளைகள் தாமிரம், கால்நடை, பருத்தி, தோடையினம், காலநிலை என்னும் ஐந்தையும் மாநிலத்தின் செல்வங்களாக மனனஞ் செய்வர். ஐந்தாவது செல்வம் நான்காவதை விழுங்கிவிட்டது என்றுதான் சொல்லவேண்டும். காலநிலையை நாடி வந்தவருக்கு வீடு கட்டத் தோப்புகள் வெட்டப்பட்டன. தார்வீதியும் சீமெந்தும் பரவின. பகலில் குடித்த சூட்டை அவை இரவெல்லாம் உமிழ்கின்றன. 2023 ஆடியில் ஒரு நாள் விடியற்காலையிலும் வெப்பம் 97 பாகைக்குக் கீழே இறங்கவில்லை.

இங்கேதான் வழக்கின் மறுபக்கம் எழுகிறது. குளிரூட்டிய வீட்டிலிருந்து குளிரூட்டிய மோட்டார் வண்டியிலேறி, குளிரூட்டிய காரியாலயத்திற்குச் செல்பவருக்குக் கோடையென்பது வண்டித் தரிப்பிடத்தைக் கடக்கும் இரண்டு நிமிடத் துன்பம். கூரை வேய்பவனுக்கும் தோட்டக்காரனுக்கும் அஃது எட்டு மணிநேரம். பேருந்துக்குக் காத்துநிற்கும் தாய்க்கு, நிழலற்ற தரிப்பில் கழியும் அரைமணி நேரம். பீனிக்ஸ் அடங்கிய மரிக்கோப்பா மாவட்டத்தில் 2023ஆம் ஆண்டு வெப்பத்தால் இறந்தோர் 645 பேர் என மாவட்டச் சுகாதாரப் பகுதியினர் கணக்கிட்டனர். 2024இல் 608 பேர். 2023இல் மாண்டோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் தங்க வீடற்றவர். வீதியில் மயங்கி விழுந்து, கொதிக்கும் தாரில் கிடந்ததனால் தோல் வெந்து வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டவரும் ஆண்டுதோறும் உளர். வீட்டினுள் இறந்தவரின் கதை இன்னும் கொடியது. மெல்லிய தகடுகளால் அமைந்த பழைய பெயர்த்தகு வீடுகளில், பழுதான குளிரூட்டியைத் திருத்த வழியின்றி, அல்லது மின்கட்டணத்திற்கு அஞ்சி அதனை நிறுத்திவைத்து மாண்டோர் அவர்கள். கட்டணம் செலுத்தாமையால் மின்சாரம் துண்டிக்கப்பட்ட முதியவர் ஒருவர் 2018இல் உயிரிழந்த செய்தி வெளியானதும் ஊர் கொதித்தது. அதன் பின்னரே, 2019இல், கோடைக் காலத்தில் மின்சாரத்தைத் துண்டித்தல் தடுக்கப்பட்டது.

நிழலும் அங்கே சமமாகப் பகிரப்படவில்லை. புகையிரதப் பாதைக்குத் தெற்கேயுள்ள பகுதியில்தான் கறுப்பினத்தவரும் மெக்சிக்க மக்களும் ஒருகாலத்தில் ஒதுக்கி வைக்கப்பட்டனர். வடபால் செல்வர் வீதிகளில் மரங்கள் கவிந்து நிற்க, தென்பால் வீதிகள் மொட்டையாகவே கிடந்தன. ஆகவே ஒரே நகரில் ஒரே நாளில் ஒருவர் "இதமான ஊர்" என்பதும் மற்றவர் "எரியும் ஊர்" என்பதும் சுவைவேற்றுமையால் மட்டும் விளைந்தன என்று தள்ளிவிடுதற்கில்லை. நகராட்சியும் இதனை உணராமலில்லை. 2021இல் வெப்பத்தைச் சமாளிப்பதற்கென்றே ஒரு தனிப் பகுதியை அது நிறுவிற்று. நகரின் ஒப்பந்தங்களில் வெளியே வேலை செய்வோருக்கு நீரும் நிழலும் ஓய்வும் அளித்தல் வேண்டுமென 2024இல் விதித்தது. பிந்தி வந்த விதிதான், ஆயினும் வந்தது.

நீரைப் பற்றிய பிணக்கோ இதனினும் பழையது. ஆண்டு முழுவதற்கும் ஏழெட்டு அங்குல மழையே பெய்யும் நிலம் அது. பன்னூறாண்டுகளுக்கு முன் கொகோகம் என்று இன்று அழைக்கப்படும் மக்கள் உப்பாற்றிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் நீள வாய்க்கால் வெட்டி அங்கே சோளம் விளைத்தனர். பதினைந்தாம் நூற்றாண்டளவில் அவ்வூர்கள் பாழாயின. 1867இல் வந்த குடியேறிகள் தூர்ந்து கிடந்த அவ்வாய்க்கால்களையே மீண்டும் தோண்டி நீர் பாய்ச்சினர். சாம்பலிலிருந்து எழும் பறவையின் பெயர் ஊருக்கு வாய்த்தது அதனாலேயே. பின்னர் 1911இல் ரூஸ்வெல்ட் அணை எழுந்தது. 1973இல் தொடங்கி 1993இல் முடிந்த 336 மைல் நீளக் கால்வாய், கொலராடோ ஆற்று நீரை மேட்டிலேற்றிப் பாலைக்குக் கொணர்ந்தது. இவற்றைக் காட்டி, "பண்ணைகளே மாநிலத்து நீரின் பெரும்பங்கை உண்கின்றன, நகரம் சிக்கனமானது" என்பர் ஒரு சாரார். கொலராடோ ஆறு வற்றி 2022இல் முதன்முறையாகப் பங்கு வெட்டப்பட்டதையும், நூறாண்டுக்குப் போதிய நிலத்தடி நீர் இல்லையெனக் கண்டு 2023இல் அந்நீரையே நம்பிய புதிய குடியிருப்புகளுக்கு மாநிலம் இசைவு மறுத்ததையும் காட்டி, "எத்தனை நாளைக்கு?" என்பர் மறுசாரார்.

இவ்விரு சாராரும் பேசும்போது, நகரின் தென்புறத்தே வாழும் ஒரு மக்கட்கூட்டம் மெல்ல நகைக்கக்கூடும். அக்கிமெல் ஓதாம் எனத் தம்மை அழைத்துக்கொள்ளும் அவர்கள் பெயரின் பொருளே "ஆற்று மக்கள்" என்பது. கீலா ஆற்று நீரால் கோதுமை விளைத்து, வழிப்போக்கருக்கும் விற்ற உழவர் அவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேலே குடியேறியவர்கள் ஆற்றை மறித்துக்கொண்டமையால் வயல் காய்ந்து பஞ்சத்தில் வாடினர். நெடுங்காலம் வழக்காடி, 2004இல் இயற்றப்பட்ட சட்டத்தினால் நீருரிமையை மீளப் பெற்றனர்; கொலராடோக் கால்வாய் நீரில் பெரும்பங்கு இன்று அவர்களுடையது. அந்நீரை நகரங்கள் அவர்களிடம் பேரம் பேசிப் பெற வேண்டியதாயிற்று. பாலையில் வாழலாமா என்னும் வினா அவர்களுக்கு எழுவதேயில்லை. யார் நீரைக்கொண்டு வாழ்வது என்பதே அவர்கள் கேட்பது.

புழுதிப்புயல், மண்ணிலுள்ள பூஞ்சையால் வரும் நுரையீரற் காய்ச்சல், ஏறிய வீட்டு விலை, வண்டியின்றி எங்கும் போக இயலாத தூரம் என்று வேறு குறைகளும் உண்டு. அவற்றை எல்லாப் பெருநகரத்தாரும் ஏதோ ஒரு வகையிற் சொல்வர். எனினும் குறை கூறுவோரும் ஊரைவிட்டு எளிதிற் போவதில்லை. கோடை நடுவில் மேகம் திரண்டு முதல் மழை விழும்போது, கிரியோசோற்றுப் புதர்களிலிருந்து எழும் மணத்துக்காக வாயிற்படியில் வந்து நிற்காதவர் அங்கே அரியர்.

அவர்கள் பெரிதும் மதிப்பது சகுவாரோ என்னும் நெடுங்கள்ளி. வேறொரு மரத்தின் நிழலிலேதான் அது முளைத்துத் தப்பும். முதற்கிளை விடவே ஐம்பது, எழுபது ஆண்டுகளாகும். சட்டமும் அதனைக் காக்கிறது. பகலில் துளைகளை மூடிக்கொண்டு, இரவின் குளிரில் மூச்சு விடும் செடி அது. 2023 கோடையில், 1939இல் திறக்கப்பட்ட அந்நகரின் பாலைத் தாவரத் தோட்டத்திலேயே சில சகுவாரோக்கள் கிளையுதிர்ந்து சாய்ந்தன. வயது முதிர்ந்தவை, விழுந்தன என்றனர் சிலர். இரவு குளிரவில்லை, அதனாலேதான் என்றனர் தோட்டத்தார்.