தண்டவாளத்தில் ஓர் இரவு



ரயில் பாதையை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு கூட்ஸ் வண்டி புதிதில்லை. ஜன்னல் அதிரும், அலமாரியில் பாத்திரம் கலகலக்கும், வண்டி போனதும் எல்லாம் அடங்கிவிடும். ஆனால், அடங்குவதற்குள் அடுத்த வண்டி வந்துவிடும் என்றால்? அந்தக் கவலையில் தண்டவாளத்திலேயே போய் உட்கார்ந்துவிட்டார்கள், கோவாவின் சிற்றூர்க்காரர்கள்.

மர்மகோவா துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் நிலக்கரி, ரயிலேறி கர்நாடகத்து உருக்காலைகளுக்குப் போகிறது. தூத்சாகர் அருவிக்கு முன்னால் ரயில் போகும் படத்தைப் பார்த்திருப்பீர்களே, அதே பாதைதான். போர்ச்சுகீசியர் ஆட்சியில், 1880களில் போட்டது. மலையில் 37 அடி போனால் ஓர் அடி உயர வேண்டும். பாரம் ஏற்றிய வண்டிக்குக் கூடுதல் என்ஜின் மாட்டினால்தான் ஏறும். அந்த ஒற்றைப் பாதையை இரட்டையாக்க ரயில்வே முடிவு செய்தது. பயணிகள் வண்டிக்கும் இது உதவும் என்றார்கள். ஊரார் நம்பவில்லை. துடைத்த தரையில் மறுபடி கரிப்புழுதி படிவதைப் பார்ப்பவர்களிடம் வேறெதைச் சொல்லி நம்பவைப்பது? வெல்சாவ், கன்சாவ்லிம் பக்கம் தண்டவாளத்தை ஒட்டியே பழைய வீடுகள். சுவரில் விரிசல் விடுகிறது என்பது அவர்களுடைய நெடுநாள் புகார்.

2020 நவம்பர் முதல் தேதி இரவு. சாந்தோர் ஊரில், பாதை வேலைக்காக நள்ளிரவில் ரயில்வே கேட்டை மூடப்போவதாக அறிவிப்பு. பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். மெழுகுவர்த்தியும் பாட்டுமாக விடியும்வரை இருந்தார்கள். 'கோயாந்த் கொல்சோ நாகா' என்பது அவர்கள் முழக்கம். கொங்கணியில், கோவாவில் கரி வேண்டாம் என்று பொருள். சிலர்மீது போலீஸ் வழக்குப் போட்டது.

இந்த ஊர்கள் செய்ததில் எனக்குக் கெட்டிக்காரத்தனமாகப் படுவது வேறொன்று. தங்கள் வீட்டுச் சுவரோடு நிற்காமல், மலைமேல் இருக்கும் மொல்லேம் காட்டுக்காகவும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். காட்டைக் காக்கப் போராடியவர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் போராட்டம் ஒன்றாகிப் போனது. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம், காசில்ராக் முதல் குலேம் வரை காட்டுக்குள் இரட்டைப் பாதை போட வனவிலங்கு வாரியக் குழு தந்திருந்த ஒப்புதலை ரத்து செய்தது.

கவனியுங்கள்: வென்றது காடு. தரையில் படிந்த கரியும் சுவரில் விழுந்த விரிசலும் அந்தத் தீர்ப்புக்குக் காரணமில்லை. மனிதர் குடியிருக்கும் ஊருக்கு, காட்டுக்கு இருப்பதுபோல் ஒரு வாரியம் இல்லையே!

அதனால்தான் கீழே, சமவெளியில், கதை முடியவில்லை. தீர்ப்புக்குப் பிறகும் வெல்சாவ் பக்கம் இரண்டாம் பாதைக்கு மண் கொட்ட ஆட்கள் வந்தார்கள். ஊர்க்காரர்களும் வந்து மறித்து நின்றார்கள்.