வழிவிடுதலும் உறங்குதலும்

பள்ளிக்கூடத்து மணியில் தொடங்கிக் கணிப்பொறியில் முடிக்கப் போகின்றேன், பொறுத்தருள்க.

ஓய்வு பெற்ற பின்னர்ப் பேத்தியிடம் பாடங் கேட்டு நிரல் எழுதப் பழகினேன். மாணாக்கனாக இருப்பது எத்துணைக் கடினம் என்பதை அப்பொழுதுதான் உணர்ந்தேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கு மடிக்கணினி வழியாக மணியடிக்கும் நிரல் ஒன்றை ஆக்கித் தந்தேன். அதன் வேலை யாது? கடிகாரத்தைப் பார்ப்பது, நேரம் ஆகவில்லையெனில் மீண்டும் பார்ப்பது. மற்ற நிரல்களுக்கு இடையூறாகலாகாதென்று, ஒவ்வொரு முறை பார்த்த பின்பும் ‘யீல்டு’ என்னும் கட்டளையை வைத்தேன். ‘பிறருக்கு வழிவிடுகிறேன்’ என்பது அதன் பொருள். பண்புள்ள நிரலை எழுதிவிட்டோம் என்ற பெருமையும் எனக்கு உண்டு.

அரையாண்டுத் தேர்வன்று தொடக்கத்திலேயே மின்சாரம் நின்றது. நான்கு மணி நேரம் தாங்கும் என்று நாங்கள் நம்பியிருந்த மின்கலம் ஒன்றரை மணி நேரத்தில் தீர்ந்தது. முடிவுக்குப் பத்து நிமிடம் முன்னர் ஒலிக்கவேண்டிய எச்சரிக்கை மணி ஒலிக்கவில்லை. அதனை நம்பியிருந்த சிறுமி ஒருத்தி கடைசி வினாவைத் தொடாமலே தாளைக் கொடுத்துவிட்டு அழுதாள்.

“தாத்தா, அதன் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தீர்களா? சுட்டிருக்குமே!” என்றாள் பேத்தி.

வகுப்பில் ஒரு பையன் எழுந்து, “ஐயா, மற்றவர் முதலில் சொல்லட்டும்” என்கிறான். வேறெவரும் கை தூக்கவில்லையென்றால் அடுத்த கணமே மீண்டும் அவன் முறைதான். யீல்டு அத்தகையது. வரிசையில் வேறு நிரல் இல்லையெனில் இயங்குதளம் அதனிடமே மையச் செயலகத்தைத் திருப்பித் தந்துவிடும். என் நிரல் அன்று ஓய்வின்றிக் கடிகாரத்தையே பார்த்துக் கொண்டிருந்தது. விண்டோஸில் ‘ஸ்லீப்’ கட்டளைக்குச் சுழியம் கொடுத்தாலும் இதே கதைதான். லினக்ஸ் கையேடோ, சாதாரண நிரலில் யீல்டு வந்தால் பெரும்பாலும் அந்நிரலின் அமைப்பே பிழை என்று கண்டிப்பாகக் கூறுகிறது. அதைப் படிக்காமல் எழுதியவன் நான். வீட்டுப்பாடம் செய்யாத பையன்களை எத்தனை முறை கடிந்திருக்கிறேன்!

ஸ்லீப் வேறு வகை. “அரை வினாடி கழித்து எழுப்புங்கள்” என்று சொல்லி நிரல் வரிசையை விட்டே வெளியேறுகிறது. வேறு வேலையும் இல்லையெனில் செயலகமும் ஓய்ந்து, மின்சாரம் மிஞ்சுகிறது. இதிலும் ஒரு நுட்பம் உண்டு. கேட்ட நேரத்திற்குப் பின்னரும் எழுப்பக்கூடும். விண்டோஸின் கடிகாரத் துடிப்பு வழக்கமாக 15.6 மில்லிவினாடிக்கு ஒருமுறை. ஒரு மில்லிவினாடி உறக்கம் கேட்டாலும் அவ்வளவு வரை நீளலாம். ஆகவே உறங்கிய தடவைகளை எண்ணி நேரங் கணித்தால் மணி நாளடைவில் பிந்தும்; விழித்ததும் கடிகாரத்தையே பார்க்க வேண்டும்.

இப்பொழுது என் நிரல் வினாடிக்கு இருமுறை மட்டுமே விழிக்கிறது, அடிப்பக்கமும் குளிர்ந்திருக்கிறது. அச்சிறுமியின் தாளுக்கு என்னால் ஒன்றும் செய்ய இயலவில்லை. ஆண்டுத் தேர்வுக்குப் பழைய கைமணியையும் மேசைமேல் வைத்துக்கொள்ளுமாறு தலைமையாசிரியரிடம் சொல்லியிருக்கிறேன்.