கடற்கணக்கும் நம் வாலிபரும்



2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி நமது காரைக்கால் கரையில் நேர்ந்ததை நான் சொல்லி நீங்கள் அறியவேண்டுவதில்லை. சுமத்ராவருகே பூமி அதிர்ந்து இரண்டு மணி நேரத்திற்கு மேற்பட்டே அலை வந்தது. அத்தனை அவகாசமிருந்தும் நமக்கு முன்னறிவிப்பாரில்லை.

அக்குறை நீங்க, 2007-இல் ஹைதராபாத்திலுள்ள மத்திய சர்க்காரின் இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையத்தில் எச்சரிக்கை நிலையம் ஏற்பட்டது. எவ்விடத்தில் எவ்வளவு அதிர்ச்சி உண்டானால் எக்கரையில் எவ்வளவு அலை எழுமென்று அங்கே கணிப்பொறியால் முன்னரே கணக்கிட்டு வைத்துள்ளார்கள். அதிர்ச்சி நேர்ந்ததும் பொருந்திய கணக்கை எடுத்து எச்சரிக்கிறார்கள். பழைய அளவுகளிலிருந்து யந்திரமே கற்றறியும் முறையும் இப்போது கடலாராய்ச்சியிற் பயன்படுகிறது.

இத்தகைய ஸ்தாபனங்களில் எம்.எஸ்ஸி., எம்.டெக். தேறியவர்கள் திட்ட விஞ்ஞானிகளாக அமரலாம். கணிதமும் பௌதிகமும் கணிப்பொறிப் பயிற்சியும் வேண்டும். 2010-இல் தொடங்கிய புதுச்சேரி தேசியத் தொழில்நுட்பக் கழகம் நமது திருவேட்டக்குடியிலேயே இருக்கின்றது. ஆயினும், பட்டம் பெற்றதும் கம்பெனிச் சம்பளமே பெரிதென்று பெற்றோர் அவசரப்படுகின்றனர். மேற்படிப்பின் இரண்டொரு வருஷம் பொறுப்பதே கஷ்டமாயிருக்கிறது.

ஆகையால், ஆணாயினும் பெண்ணாயினும் இத்துறையை நாடும் ஏழைப் பிள்ளை ஒருவருக்கேனும் வருஷந்தோறும் நம் சங்கம் உபகாரச் சம்பளம் அளிக்கவேண்டுமென்று பிரேரேபிக்கிறேன். அன்று இழந்தவர்களுக்கு நாம் செய்யும் கடன் இதுவே.