பர்லின் பிரிட்ஜிங்: 18 மில்லிமீட்டர் எங்கே போச்சு?

டெக்லாவுக்கு நான் எழுதின பிளக்இன்ல பண்ண ஒரு தப்பைப் பத்திதான் இன்னைக்கு.

கூரை ஷீட்டைத் தாங்குற இசட் பர்லின் மெல்லிசு. காற்று ஷீட்டை மேல தூக்கும்போது, ஷீட்டோட பிடிப்பு இல்லாத கீழ் ஃபிளாஞ்ச் அழுத்தத்துல முறுக்கிக்கும். அதைத் தடுக்கத்தான் பர்லினுக்குப் பர்லின் பிரிட்ஜிங் போடுறோம்.

நான் இடைவெளியைப் பிளான்ல இருந்து எடுத்து, 1200 மில்லிமீட்டர்னு நீளம் கொடுத்துட்டேன். கூரைச் சரிவு 10 டிகிரி. சரிவு வழியா அளந்தா 1218 சொச்சம். கிளாஷ் செக்குல ஒண்ணும் வரல. குட்டையா இருக்குற துண்டு எதுலயும் இடிக்காதே! போல்ட் ஓட்டை சேரலைன்னு எங்க டிராயிங் செக்கர் அண்ணன்தான் பிடிச்சார். விட்டிருந்தா சைட்டுல மொத்தமும் குப்பை.

இப்போ ரெண்டு பர்லினோட ஓட்டைப் புள்ளிகளையே எடுத்து நீளம் கணக்கிடுறேன். முகட்டுல ரெண்டு சரிவையும் இணைக்கிற துண்டை மட்டும் இன்னும் கையாலதான் போடுறேன்.